நாற்பத்தொன்றாவது வரி

சுகாதாரம், கல்வி, நலத்துறை மூன்றும் ஒரே மாடியில் பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகின்றன. ஆனால் ஒருவர் பதிவேட்டை இன்னொருவர் கண்ணால் பார்த்தது கிடையாது. மேலிடத்துக்குப் போகும் அறிக்கைக்காக ஆணையர் கூட்டியதால் இன்றைக்குத்தான் மூன்றும் ஒரே மேசைக்கு வந்தன. நலத்துறை எழுத்தரை எல்லோரும் ‘முத்திரை அக்கா’ என்பார்கள். படிக்கும் முன்பே முத்திரை குத்திவிடும் கை அவளுக்கு.

மூன்று பட்டியலையும் ஒப்பிட்டு வந்தவள் நாற்பத்தொன்றாவது வரியில் நின்றாள். காது கேளாத ஒரு பெண் குழந்தை. சுகாதாரத்தின் பதிவேட்டில், ‘கல்விக்கு அனுப்பப்பட்டது, முடிந்தது.’ கல்வியில், ‘நலத்துறைக்கு அனுப்பப்பட்டது, முடிந்தது.’ தன்னுடையதைத் திறந்தாள். ‘சுகாதாரத்துக்கு அனுப்பப்பட்டது, முடிந்தது.’ கீழே அவள் முத்திரை. பிறந்த தேதியைப் பார்த்தாள். நாளையோடு ஐந்து வயது முடிகிறது. அதற்கு மேல் இலவசக் காது அறுவை சிகிச்சைக்குப் பதிவு கிடையாது. நாளை சனிக்கிழமை, பதிவு ஜன்னல் திறக்காது. இன்று ஐந்து மணிக்குள் குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

“என்னம்மா, நிலுவை எதுவும் இல்லையே? மேல அனுப்பிடலாமா?” என்றார் ஆணையர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவளுடைய பதவி உயர்வு அந்த ஆணையர் கையில்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னாள்.

“ஒண்ணு இருக்கு சார். தப்பு என் மேலயும் இருக்கு.”

“நான் அப்பவே அனுப்பிட்டேனே” என்றாள் சுகாதாரத்துறை நர்ஸ்.

“நானும்தான்” என்றார் கல்வி அலுவலர்.

“எல்லாரும் அனுப்பினோம். யாருமே வாங்கிக்கல” என்றாள் அக்கா.

ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். “அறிக்கை போகட்டும். திங்கட்கிழமை பார்த்துக்கலாம்.”

“திங்கட்கிழமை அவளுக்கு வயசு தாண்டியிருக்கும் சார்.”

பதிவேட்டை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அக்கா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். நர்ஸும் எழுந்தாள். கல்வி அலுவலர் ஆணையரின் முகத்தைப் பார்த்தார், பிறகு கார் சாவியை எடுத்தார்.

நாலேகாலுக்குக் குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்த அம்மா தையல்காரி. உள்ளே உறவுக்காரி ஒருத்தி தைத்துக்கொண்டிருக்க, குழந்தை மிஷின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று அடையாள அட்டைகளையும் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மூணு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்களா? இனிமே என்னை அனுப்ப வேற ஆபீஸ் இருக்கா?”

திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். “செருப்பு மாட்டும்மா, வழியில சொல்றேன்” என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் நெரிசல். ஆஸ்பத்திரியின் பதிவு ஜன்னலை மூடப்போன கையை நர்ஸ் பிடித்துவிட்டாள். மணி நாலு ஐம்பத்தெட்டு. உள்ளே இருந்தவர் சலிப்போடு படிவத்தை எடுத்தார்.

“எந்தத் துறை அனுப்பிச்சது?”

“யாரும் அனுப்பல” என்றாள் அக்கா. மூச்சு இன்னும் வாங்கியது. “கூட்டிட்டு வந்திருக்கோம்.”