சொட்டானுக்கு முளைத்த கொம்பு

மார்ச் 8, ஞாயிறு. கேமின் உருமாற்றக் காட்சியில் 'வேண்டாம்' பொத்தானை இணைக்க மறந்திருக்கிறேன். அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. சிறு பிழைதான், இரண்டு வரி எழுதினால் சரியாகிவிடும். கண்டுபிடித்தது அண்ணி.

இப்படி எழுதிவைத்துவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கப் போனவளுக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் ஓரக்கோடு போடாமல் ஒரு வரியும் எழுத மாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வேலைக்குப் போன பிறகும் உதிரவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. மாலையில் வீடியோ கேம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு. வீடு திரும்பியதும் அன்று செய்த தவறு என்ன, மறுநாள் செய்ய வேண்டியது என்ன என்று எழுதினால்தான் அவளுக்குக் கண் மூடும். எழுதிவிட்டால் தவறு பாதி தீர்ந்ததுபோல ஒரு நினைப்பு.

அவள் செய்துகொண்டிருந்த கேமுக்கு மூலம் ஒரு பழைய விளையாட்டு. உள்ளங்கை அகலப் பெட்டியில் ஆடுவது. காட்டிலும் குளத்தங்கரையிலும் திரியும் விநோதப் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, மோதவிட்டு வளர்க்க வேண்டும். ஒரு பிராணி போதிய அளவு வளர்ந்ததும் திரை வெளுக்கும், உடம்பு நடுங்கும், வேறொரு பெரிய பிராணியாக மாறிவிடும். மாறுவது பிடிக்கவில்லையென்றால் அந்த நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பழையபடியே இருக்கும்.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவளுடைய துணிமணிகளுக்கு நடுவே அந்தப் பெட்டியும் வந்தது.

"இது உங்களுதா அண்ணி?"

"ஏன், உங்க அண்ணனைக் கட்டிக்க வந்தவ இதெல்லாம் வெச்சுக்கக் கூடாதா?"

அதோடு நாத்தனார் உறவு போன இடம் தெரியவில்லை. கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். அண்ணன்கூட, "ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க, நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிப்பேன்னு நெனச்சேன். இப்ப என்னைச் சீந்தவே ஆளில்ல" என்று புலம்பினான்.

அண்ணி தன் ஊரில் பெயர்ப்பலகைக் கடையில் படம் வரைந்துகொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தாள். ஸ்கேல் வகுப்பில் சேர்ந்து, அந்தப் பழைய விளையாட்டைப் போல நாமே ஒன்று செய்யலாமா என்று கேட்டபோது, அண்ணி எழுந்துபோய்ப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வகுப்பு வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆட்டத்தோட விதியப் பாத்துப் பழகிக்கலாம். ஆனா அவங்களோட பிராணி ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது. எல்லாம் உங்க சொந்தச் சரக்கா இருக்கணும்."

சொந்தச் சரக்குக்கு அண்ணியிடம் பஞ்சமில்லை. வாலை விரித்தால் குடையாகும் குடைவால். கட்டிலுக்கடியில் தானாகவே உருவாகும் தூசிப்பூனை. தொலைந்துபோன ஒற்றைச் செருப்புக்குள் குடியிருந்துகொண்டு ஜோடியைத் தேடியலையும் ஒரு நண்டு. சமையலறை மேசையில் அவள் வரைய வரைய, எதிரே உட்கார்ந்து ஸ்கேல் ஒவ்வொன்றுக்கும் வலிமை, வேகம், பொறுமை என்று எண் போடுவாள். ஒவ்வொரு பிராணிக்கும் மூன்று கட்டம்: குட்டி, நடுத்தரம், பெரியது. அட்டவணையில் கட்டங்கள் நிரம்புவதைப் பார்ப்பதே அவளுக்குப் பாதி ஆனந்தம்.

சொட்டானை மட்டும் அடக்க முடியவில்லை. சொட்டான் என்பது குழாய் வாயில் தொங்கும் ஒரு துளி. இரண்டு கண், மடக்கிவைத்த இரண்டு கால். அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, காத்திருப்பது. எதிரி அடித்து அடித்துக் களைத்து விழுந்த பிறகு, அலுங்காமல் நலுங்காமல் ஜெயித்துவிடும்.

"இதுக்கு அடுத்த கட்டம் என்ன அண்ணி?"

"அடுத்த கட்டமே இல்ல."

"எல்லாத்துக்கும் மூணு இருக்கே."

"இது விழாது ஸ்கேலு. விழுந்தா வெறும் தண்ணி. விழாம தொங்கறதுதான் இதோட சாமர்த்தியம்."

அட்டவணையில் இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. கண்ணில் விழுந்த தூசு மாதிரி அவை ஸ்கேலை உறுத்திக்கொண்டே இருந்தன.

கேமை ஆடிப்பார்த்துக் குறை சொல்வதும் அண்ணியின் வேலைதான். முதல் பதிப்பிலிருந்தே அவள் படைக்கு முன்னால் நடந்தது சொட்டான். அடுத்தடுத்த பதிப்புகள் வந்தாலும் அண்ணி ஆடிச் சேமித்துவைத்த ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஸ்கேல்தான் செய்துகொடுத்திருந்தாள். ஒருவரையும் அடிக்காத பிராணியை வளர்ப்பது கல்லில் நார் உரிப்பதுபோல. அண்ணி பாத்திரம் கழுவி முடித்த நேரங்களில், அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரங்களில், அதை வளர்த்தாள்.

வகுப்பின் முடிவில் ஒரு கண்காட்சி. ஊரார் வந்து மாணவர்களின் கேம்களை ஆடிப்பார்ப்பார்கள். அதற்கு முந்திய சில வாரங்களில் வாத்தியார் ஒவ்வொருவர் வேலையையும் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஸ்கேலின் அட்டவணை வந்ததும் சுட்டியை அந்த இரண்டு கட்டங்களில் நிறுத்தினார்.

"இது என்ன, பல்லு விழுந்த மாதிரி? பாதில விட்டுட்டியா?"

வகுப்பு சிரித்தது. ஸ்கேலுக்குக் காது சூடேறியது. அது வேண்டுமென்றே விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருந்த தாடிக்காரன் குனிந்து, "அரை மணி நேரம் குடு. ரெண்டையும் வரைஞ்சு தரேன். கொம்பு, றெக்கை, எல்லாம் போட்டு" என்றான்.

அண்ணி அந்த வாரம் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்கேல் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கேட்டால் அண்ணி வேண்டாம் என்பாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தாடிக்காரன் வரைந்து தந்த இரண்டு படங்களையும் கேமில் சேர்த்துவிட்டாள். எல்லாத் தவறையும் எழுதிவைப்பவள் அன்றைக்கு இதை எழுதவில்லை. 'அட்டவணை நிறைந்தது' என்று மட்டும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஊரிலிருந்து வந்தாள். பையை வைத்தவள் கைகாலைக் கழுவிக்கொண்டு நேரே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"புதுசா என்னென்ன பண்ணியிருக்க? எங்க, என் ஆளு சௌக்கியமா இருக்கானா?"

"ஆடிப் பாருங்க அண்ணி" என்று ஸ்கேல் குறிப்பு எழுதும் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்த்தால் பிடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பிடிக்காவிட்டாலும் பொத்தான் இருக்கிறது என்று ஒரு சமாதானமும் இருந்தது.

சொட்டான் ஒரு குடைவாலோடு மோதியது, காத்திருந்தது, ஜெயித்தது. திரை வெளுத்தது.

"என்னது இது?" என்றாள் அண்ணி. துளி நடுங்க ஆரம்பித்தது. அவள் கை தானாகவே 'வேண்டாம்' பொத்தானுக்குப் போயிற்று. அழுத்தினாள். துளி குழாயின் வாயைவிட்டு இறங்கியது. மறுபடி அழுத்தினாள். கால்கள் நீண்டன. முதுகு பிளந்து இறக்கை வந்தது. அண்ணி விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். கொம்பு முளைத்து, வாய் பிளந்து, 'சொட்டரக்கன்' என்று பெயர் விழுந்து, ஆட்டம் தானாகவே சேமிக்கப்பட்டது என்ற வரி வரும் வரைக்கும் அழுத்தினாள்.

அந்த நேரத்தில் ஸ்கேல் செய்த காரியம் ஒன்று உண்டு. தாளைப் பார்த்துக் குனிந்து, 'வேண்டாம் பொத்தான் வேலை செய்யவில்லை' என்று எழுதினாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். திரையையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கொம்பெல்லாம் வெச்சிருக்கு." எழுந்துபோய்ப் பையைப் பிரித்துத் துணிகளை மடித்துவைக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு சண்டையில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் வந்தாள், கேட்டால் பதில் சொன்னாள். பென்சிலை மட்டும் தொடவில்லை. அண்ணன் ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னடி, உன் கூட்டாளி வேலை நிறுத்தமா? மேசையெல்லாம் துடைச்சுக் கெடக்கு. இப்பதான் எனக்குச் சாப்பிட எடமே கெடைச்சிருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தன் நிரல்களையெல்லாம் அன்றாடம் நகல் எடுத்துவைப்பவள் ஸ்கேல். அண்ணி சேமித்துவைத்த ஆட்டத்தை நகல் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆட்டம்தானே என்று இருந்துவிட்டாள். நகல் இல்லாமல் பழைய சொட்டானைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இப்போது உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டாள். சொட்டானின் எண்கள் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அதே வலிமை, அதே வேகம், அதே பொறுமையோடு புதிதாக ஒரு சொட்டானைச் செய்து, அண்ணியின் படைக்கு முன்னால் நிறுத்தி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, உங்க சொட்டான் வந்துட்டான்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அது இல்ல."

"எண்ணெல்லாம் அதேதான் அண்ணி. ஒண்ணுகூட மாறல. சரிபாத்துட்டேன்."

"எண்ணு அதேதான்" என்றாள் அண்ணி. குழாயை மறுபடி திறந்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்தாள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முகப்புத் திரையை ஸ்கேல் செய்து முடித்தாள். ஆக்கம் என்று தன் பெயர், அதற்குக் கீழே சித்திரம் என்று அண்ணியின் பெயர். காட்டினாலாவது மனம் இளகும் என்று நினைத்தாள். தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.

அண்ணி படித்தாள். "என் பேரை எடுத்துடு ஸ்கேலு."

"ஏன் அண்ணி?"

"கொம்பு நான் போடல."

"கொம்பை எடுத்துடறேன். ரெண்டு படத்தையும் எடுத்துடறேன். அப்ப பேரு இருக்கட்டுமா?"

"எடுத்தாலும் அதைப் பாக்கறப்ப எனக்குக் கொம்புதான் தெரியும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் வேண்டாம்னு அழுத்தறேன், அழுத்திக்கிட்டே இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து எழுதற. நிமிந்துகூடப் பாக்கல."

"தப்புதான் அண்ணி. உங்களைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான், வேற என்ன." அண்ணி மடிக்கணினியை மெல்ல மூடி அவள் பக்கம் தள்ளினாள். "குடைவாலு, பூனை, நண்டு, எல்லாம் நீயே வெச்சுக்க. நல்லா வந்திருக்கு. நாலு பேரு ஆடட்டும். என் பேரு மட்டும் வேண்டாம்."

"அப்ப சித்திரம்ங்கற எடத்துல யார் பேரைப் போடறது?"

"ஒண்ணும் போடாத."

அண்ணி எழுந்துபோன பிறகும் ஸ்கேல் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். மேசையில் பென்சில் சீவிய தூள்கூட இல்லை. சமையலறைக் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு தொங்கியது. அது விழுவதைப் பார்க்க மனமில்லாமல் எழுந்துபோய்க் குழாயை இறுக மூடினாள். மறுநாள் கடையில் ஒரு லென்ஸை இரண்டு முறை தப்பாகத் தேய்த்தாள். முதலாளி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். மாலையில் வகுப்பில் தாடிக்காரன், சொட்டரக்கன்தான் கண்காட்சியில் எல்லாரையும் இழுக்கப்போகிறது, வாசலில் அதையே பெரிதாக ஒட்டலாம் என்றான். ஸ்கேல் அவனிடம், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சொட்டான் என்னுடையதில்லை, உன்னிடம் வாங்கியிருக்கவே கூடாது என்றாள். அவனுக்குப் புரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பைத் திருப்பினாள். 'சிறு பிழைதான்' என்பதில் 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அதற்குப் பதில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி. நாளை கண்காட்சி. அதற்கு முன்: தாடிக்காரனின் இரண்டு படங்களையும் எடுக்க வேண்டும். சொட்டானுக்கு எதிரே இரண்டு கட்டங்களும் காலியாகவே இருக்க வேண்டும். வாத்தியார் கேட்டால், அது விழாது என்று சொல்ல வேண்டும். மற்ற பிராணிகளுக்கு 'வேண்டாம்' பொத்தானை இணைத்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். முகப்பில் 'சித்திரம்' என்ற வரிக்கு எதிரே எதுவும் எழுதக் கூடாது.