ஒரு விரலில் சாத்தும் கதவு

பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலியைத் தையல்காரர் கண்ணி கண்ணியாக விட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் தொங்கிய பழைய பிக்கப் வண்டியின் கேபின், மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த வேறொரு வண்டியின் அடிச்சட்டம், சேஸிஸ், நான்கு சக்கரங்களோடு காத்திருந்தது. எதிர்ப்பக்கம் குனிந்திருந்த மைத்துனன், "வரட்டும் மாமா, வரட்டும்... போதும்" என்றான்.

கொட்டகையை ஒட்டிய அறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் முந்தின நாள் சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னது அவள்தான். ஜன்னலைத் திறந்தால் கொட்டகை. அங்கே பழுதுபார்க்க வண்டியைக் கொண்டுவந்து விடுகிற எல்லோரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

காலையில் அவள் கேட்டது ஒன்றுதான். கேபினை இன்றைக்கே இறக்கிவிட வேண்டும். அது ஒழுங்காக உட்கார்ந்ததா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நான் பக்கத்துல இருக்கேனே" என்றார்.

"இருந்து என்ன பண்ணுவீங்க? அழுவீங்க. அதை நாளைக்கு வச்சுக்கலாம்."

தையல்காரரின் அக்காவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது புருஷன் வண்டிக்கு அடியில் கிடப்பதா, பார்க்க வருகிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா என்று முணுமுணுத்தபடியே, ஈரப்பஞ்சால் மேஸ்திரியின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. அதனால் அவள் சொல்வதைக் கொட்டகைக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் அக்காவின் தலையில் விழுந்தது.

"எல்லா போல்ட்டும் உள்ள போற வரைக்கும் ஒண்ணையும் முறுக்கக் கூடாதாம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். "முதல்ல கையால நூல் ஓட்டிட்டு அப்புறம்தான் மெஷின்ல தைக்கணுமாம். உனக்கு ஏதாவது புரியுதா? எனக்கு ஒரு எழவும் புரியல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே மேஸ்திரி சிரித்தது கேட்டது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தையல்காரருக்குப் புரிந்தது. அவருக்குப் புரிய வேண்டிய எதையும் அவள் துணியாகவும் நூலாகவும் மாற்றித்தான் சொல்வாள். பழைய சேஸிஸ் துருப்பிடித்து, விரலால் குத்தினால் உதிர்கிற நிலைக்கு வந்தபோது, பார்த்தவர்கள் எல்லாம் வண்டியை எடைக்குப் போடச் சொன்னார்கள். அவள் மட்டும் கேபினைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டை நன்றாக இருக்கிறது, முதுகுதான் போய்விட்டது என்றாள். விபத்தில் முகம் நொறுங்கிய ஒரு வண்டியின் சேஸிஸைத் தேடிப் பிடித்தாள். பிறகு வந்த மாடல், பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒரு சாண் நீளம் கூடுதல். நடுவில் அறுத்துக் குறைத்தாள். நேராக அறுத்தால் வெல்டிங் ஒரே கோட்டில் விழுந்து அந்த இடத்தில் முறியும் என்று சாய்வாக அறுத்தாள். உள்ளே பட்டை கொடுத்துப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து பார்த்து, மயிரிழை கோணலுக்காக ஒரு பக்கத்தை மறுபடியும் பிரித்தாள். அப்போதே வயிற்றில் வலி இருந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை.

அந்தப் பழைய பிக்கப்தான் அவர்களைச் சேர்த்துவைத்தது. இளைஞராக இருந்தபோது பள்ளிக்கூடச் சீருடை மூட்டைகளோடு அது வழியில் நின்றுபோய், முதல்முறை இந்தக் கொட்டகைக்கு வந்தார். அதற்கப்புறம் வந்ததெல்லாம், அவரே ஒரு வயரைப் பிடுங்கி விட்டுக்கொண்டு வந்தது. ஒருநாள் அவள் கையைத் துடைத்தபடி, "அடுத்த தடவை வயரைப் பிடுங்காமலே வாங்க" என்றாள். அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

போல்ட்டுகள் எல்லாம் உள்ளே போனதும் முறுக்கினார்கள். தொங்கும்போது கேபின் வளையாமலிருக்க கதவு வாசல்களின் குறுக்கே அவள் பற்றவைத்திருந்த கம்பிகளை மைத்துனன் அறுத்து எடுத்தான். இனிக் கதவுதான். கேபின் சரியாக உட்கார்ந்திருந்தால் கதவை ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்ள வேண்டும். அது அவள் வைத்த கணக்கு.

தையல்காரர் டிரைவர் பக்கக் கதவை ஒரு விரலால் தள்ளினார். பூட்டுக்கு அருகே போய் முட்டி நின்றது.

ஜன்னலைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மூச்சு வாங்கும் இடைவெளி காலையைவிட அதிகமாகியிருந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்து, கதவைத் துளி தூக்கிச் சாத்தினார். தெளிவாக ஒரே சத்தம். மைத்துனன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்பாடா, விழுந்துடுச்சு" என்றார் அக்கா. பிறகு கட்டில் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "கையால தூக்கிட்டியாம்."

அவர் ஜன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுடுச்சா?"

"காது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையுமா ஏமாத்துவீங்க?"

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் பேசினாள். முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, கேபின் உட்காரும் ரப்பருக்கு அடியில் ஒரு தகடு கொடுத்தால் ஏறிவிடும் என்றாள். பிறகு கேட்டாள்.

"சட்டை தோள்ல இழுத்துப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சுத் திரும்பத் தைப்பேன்."

"அப்ப போய்ப் பிரிங்க."

அவர் போய்ப் பிரித்தார். போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கி கொடுத்து, தகட்டைச் செருகி, மறுபடியும் முறுக்கினார். நிமிர்ந்து கதவை ஒரு விரலால் தள்ளினார். அது தானாகப் போய் அடங்கியது. சத்தமே முன்னதைவிடச் சின்னதாக, முழுசாக இருந்தது. தூக்கிச் சாத்தியதற்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் இப்போது அவருக்கே கேட்டது.

"'ம்'ங்கறா" என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, "அந்தப் பக்கம்னு கேக்கறா."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அறுத்த கம்பியின் பிசிறு கதவு வாசலில் ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கையில் அறைக்குள் அக்காவின் குரல், "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

இத்தனை வருஷத்தில் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்காத அக்கா, வாசல் தாண்டி வந்து நின்றார். மைத்துனன் அங்கிருந்த டயரின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

தையல்காரர் உள்ளே போனார். கலைந்திருந்த போர்வையின் ஓரத்தை மடித்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். அவள் நெற்றியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கொட்டகைக்குத் திரும்பி வந்தார்.

வாசல் கேட்டருகே அக்கம்பக்கத்தவர்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்று அவர் சொல்வது கேட்டது. "இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கு."

தையல்காரர் அதை ஒரு விரலால் தள்ளினார். சாத்திக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான் மைத்துனன்.

அவர் கதவைத் திறந்து இன்னொரு முறை தள்ளினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் முழுசாக இல்லை. பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்து போய், போல்ட்டைத் தளர்த்தினார். மேலே பார்த்தபடியே ஒரு கையை வெளியே நீட்டினார். மைத்துனன் எழுந்து வரும் சத்தம் கேட்டது. உள்ளங்கையில் மெல்லிய தகடு ஒன்று வந்து உட்கார்ந்தது.