ஸ்கூல் கேட் வரைக்கும்

யூனிஃபார்ம் போட்டதும் ஏஞ்சலுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். அவள் அம்மா ஜீவிதா முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் கெஞ்சினாள். மாடம்பாக்கத்திலிருந்து அம்மாவின் ஸ்கூட்டியில் ஏஞ்சல் கேட் வரைக்கும் வருவாள். அங்கே கை நடுங்கும், மூச்சு வாங்கும், இறங்கமாட்டாள். அவளைத் திரும்ப வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரத்தில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஜீவிதா லேட்டாகப் போய் நிற்பாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், வயிற்றில் ஒன்றுமில்லை, மனப்பதற்றம், பள்ளியில் பேசுங்கள் என்றார். நாத்தனார் அபிகாயில், ஜெபம் போதாது என்றாள். எதிர்வீட்டு கங்கம்மா செல்போனைப் பிடுங்கச் சொன்னாள். கணவன் சாலமன், எல்லாம் நீ கொடுக்கிற செல்லம் என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனான். யாராவது அடித்தார்களா, கிண்டல் செய்தார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "தெரியல, உள்ள போனா பயமா இருக்கு" என்பாள் ஏஞ்சல். யாருக்கும் அந்தப் பதில் போதவில்லை. ஜீவிதாவுக்கும்தான்.

ஒருநாள் பிரின்சிபால் ஜீவிதாவைக் கூப்பிட்டனுப்பினார். அட்டெண்டன்ஸ் இல்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வளர்க்கவேண்டும் என்றார்.

"கண்டிச்சாச்சு சார். அடிச்சும் பார்த்தாச்சு. அடிச்ச அன்னிக்கு எங்கிட்ட சாரி சொன்னா, ஆனா வண்டிய விட்டு இறங்கல. இன்னும் என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சர் வேதா, அசெம்பிளி கூட்டம் கலைந்தபிறகு வரட்டும், முதல் பீரியட் லைப்ரரியில் உட்காரட்டும், வகுப்புக்கு எப்போது வருவதென்று அவளே சொல்லட்டும் என்றார். மற்ற பெற்றோரும் இதையே கேட்பார்களே என்று பிரின்சிபால் சலித்துக்கொண்டார்.

"கேக்கட்டும் சார். தேவைப்படுற பிள்ளைக்குக் குடுப்போம்" என்றார் வேதா.

அந்த வாரம் ஏஞ்சல் லைப்ரரி வரைக்கும் போனாள். அறிவியல் வகுப்பிலும் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை மறுபடி இறங்கவில்லை. ஜீவிதாவுக்கு வண்டியை அங்கேயே போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது. வேதா டீச்சர் கேட்டுக்கு வந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிப் போனார்.

மாதக் கடைசியில் ஏஞ்சல் பாதி நாள் இருக்கப் பழகியிருந்தாள். முழு நாள் எப்போது போவாள் என்று சாலமன் கேட்டான். ஜீவிதா ஸ்கூட்டி சாவியை அவன் கையில் கொடுத்து, நாளைக்கு நீயே கூட்டிப்போ என்றாள்.

மறுநாள் ஸ்கூல் கேட்டிலிருந்து சாலமன் கடைக்குப் போன் செய்தான்.

"இவளுக்குக் கை இப்படி நடுங்குது ஜீவி. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. கூட நில்லு."

அவன் நின்றான். இரண்டாவது பீரியட் தொடங்கியபிறகு ஏஞ்சல் உள்ளே போனாள். அதற்கப்புறம் செல்லம் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை.