இறங்கக் கூடாத ரத்த அழுத்தம்

காட்டில் மனம் லேசாகிவிடவே கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் குரிஹாரா மினெகோ அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஜப்பானின் கிசோ மலைக்கு, மரங்களுக்கிடையே மெல்ல நடந்து மனதை ஆற்றிக்கொள்ளும் வனக்குளியலுக்கு வருகிறவர்களில் இப்படி ஒரு வேண்டுதலோடு வந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் இருந்தது. அவள் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் பிரிவு மேலாளர் தினமும் காலைக் கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தி, முந்தின நாள் செய்த தவறுகளை அவள் வாயாலேயே படிக்க வைத்தான். பதினொரு மாதம். தவறே செய்யாத நாளில் ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். இரண்டு மாத விடுப்பு முடிகிற நேரத்தில் கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது. உடம்பு கெட்டதற்குச் சொந்த வாழ்க்கைக் கவலைகள்தான் காரணம், வனப்பயிற்சியில் குணமாகிவிட்டேன், திங்கட்கிழமை அதே பிரிவில் சேர்கிறேன் என்று அவளே சொல்வதுபோல் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக அவள் முத்திரை வைக்க ஒரு வட்டம்.

வனப்பயிற்சிக்கு அவளை அனுப்பியதும் கம்பெனிதான்; அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பணியாளர் துறை ஒகுமுராவும் கூடவே வந்திருந்தார்.

மலையடிக் குடிலில் வழிகாட்டி தெராசாவா மினெகோவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று ஐம்பத்திரண்டு. ஃபாரத்தில் இரண்டே கட்டங்கள்: நடைக்கு முன், நடைக்குப் பின். முதல் கட்டத்தில் எண்ணை எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் எண் இறங்கினால் மினெகோவின் உடம்பே கம்பெனிக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். இறங்க விடப்போவதில்லை என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முகத்தை ஏன் இப்படி உர்ருனு வச்சிருக்கீங்க, குரிஹாரா சான்?" என்றார் ஒகுமுரா. "காட்டுக்குத்தானே வந்திருக்கோம், வரி ஆபீசுக்கா வந்திருக்கோம்?"

"எனக்கு முகமே இப்படித்தான்."

பனிக்காலணி மாட்டிக்கொண்டு மூவரும் ஹினோக்கி என்ற வாசனை மரங்களுக்குள் நடந்தார்கள். முழங்கால் உயரப் பனி. மினெகோ மூச்சைப் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி விட்டாள். ரத்தம் ஆறிவிடாமல் இருக்க, கூட்டத்தில் படித்த தவறுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டினாள். மார்ச்சில் தேதி மாற்றி எழுதியது. ஏப்ரலில் டீ ஆறிப்போனது.

தெராசாவா திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல திடமான பெண். "காத்து இங்க இலவசம்தான். கொஞ்சம் தாராளமா இழுத்துக்கலாம்."

"எனக்கு இது போதும்."

"சரி. நான் வற்புறுத்த மாட்டேன்."

பெரிய மரத்தடியில் பாயை விரித்து உட்கார வைத்தாள். இருபது நிமிடம் பேச்சில்லை. காதில் விழுவதைக் கேட்டால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம் என்றாள். ஒகுமுரா ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட்டார்.

மினெகோ ஜூன் மாதத் தவறுக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மேல்கிளையிலிருந்து ஒரு கொத்துப் பனி நழுவி, நேராக அவள் சட்டைக் காலருக்குள் விழுந்தது. முதுகு சில்லிட்டு வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் ஒரு முழு மூச்சு உள்ளே போயிற்று, ஹினோக்கி வாசனையோடு. அடுத்த மூச்சும் அவளைக் கேட்காமலே போயிற்று. எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டுவது கேட்டது. அடப்பாவி உடம்பே, காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று நினைத்தாள். ஆனால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தப் பிடிக்கவும் இல்லை.

ஜூன் மாதத் தவறைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை, அந்த நாள் கூட்டத்துக்காக அவளாக இட்டுக்கட்டியது என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மனம் அமைதியாகத்தான் இருந்தது. கோபமும் அங்கேயேதான் இருந்தது.

குடிலுக்குத் திரும்பியதும் தெராசாவா அளந்தாள். நூற்று இருபத்தொன்று. இரண்டாவது கட்டம் நிரம்பியது.

ஒகுமுராவுக்கு வாயெல்லாம் பல். காகிதத்தை எடுத்து மேஜையில் நகர்த்தினார். "பாத்தீங்களா? ஆபீஸ்ல ஒரு கோளாறும் இல்ல. உங்களுக்குக் கொஞ்சம் காத்து தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு வந்துடுங்க. மேலாளரே உங்களை எழுப்பி வரவேற்கிறேன்னு சொல்லியிருக்கார்."

மினெகோவின் காது மடல் சுட்டது. கழுத்து நரம்பு துடிப்பது அவளுக்கே கேட்டது. முத்திரைப் பையைத் தொடாமல், சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டு மேஜைமேல் நீட்டினாள்.

"தெராசாவா சான், இப்ப இன்னொரு தரம் பாருங்க."

நூற்று அறுபத்தெட்டு.

"அதெல்லாம் கணக்குல வராது," என்றார் ஒகுமுரா. "ஃபாரத்துல அதுக்கு இடமே இல்ல."

தெராசாவா மேஜை இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்தாள்.

"எங்க கம்பெனி ஆளுங்களை உங்ககிட்ட அனுப்புற ஒப்பந்தம் ஏப்ரல்ல முடியுதில்ல?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"ஆமா, ஏப்ரல்தான்." இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை வரைந்தாள். "கோடு கோணலா இருக்கா பாருங்க, குரிஹாரா சான். தலைப்பு என்ன போட?"

"நடந்ததைப் போடுங்க. ஒகுமுரா சான் திங்கட்கிழமைனு சொன்னதுக்குப் பின்."

தெராசாவா அப்படியே எழுதி, நேரத்தையும் குறித்து, தன் முத்திரையை அழுத்திக் குத்தினாள். நகல் இரண்டு வேண்டும் என்றாள் மினெகோ, ஒன்று அவளுக்கு, இன்னொன்று புகாரோடு அரசுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு. கம்பெனியின் காகிதத்தை மடித்து ஒகுமுராவிடமே கொடுத்தாள். வட்டம் காலியாகவே இருந்தது.

"இது நல்லதுக்கில்ல," என்றார் அவர்.

"யாருக்கு?" என்றாள்.

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மினெகோ மறுபடி பனிக்காலணியைக் கட்டத் தொடங்கினாள்.

"திரும்பி வந்ததும் அளக்கணுமா?" என்று கேட்டாள் தெராசாவா.

"வேண்டாங்க. இந்தத் தடவை எனக்காகப் போறேன்."