சாயத் தொட்டிக் கொலையின் கடைசி ஓலை

பசியாவரம் தீவுக்குப் போகும் தோணியில் எழுந்து நிற்கக்கூடாது என்று தோணிக்காரன் கண்ணப்பன் இரண்டு முறை சொல்லிவிட்டான். வேதாசல முதலியார் இரண்டு முறையும் உட்கார்ந்தார். மூன்றாவது முறை எழுந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இலக்கியம் அப்படி எழுப்பிவிட்டது.

கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷியிடம் ஓலை படியெடுத்துப் பிழைப்பவர் முதலியார். ஹாலந்திலிருந்து வந்த உலாந்தாக்காரனின் கடிதங்களில் கண் நோகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் கதைதான். பழவேற்காட்டில் புதிதாக யார் கதை எழுதினாலும் ஏட்டை இரவல் வாங்கி, ஏரித் தீவுகளுக்குப் போய் வாசித்துக் காட்டுவார். கூலி, கூடையில் கொஞ்சம் இறால். வாசிப்பதைவிட அபிப்பிராயம் சொல்வதில்தான் அவருக்கு ருசி. அந்த அபிப்பிராயத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"ஏரியடி ராஜா கதையை எடுத்துக்க, கண்ணப்பா. பொண்ணு தண்ணிக்கு அடியில போயி ராஜாவைக் கட்டிக்கிறா. இறாலெல்லாம் சிப்பாயி, நண்டு தளவாயி. சரி, ஒத்துக்கறேன். ஆனா ராஜா அழுவுறானாம், கன்னத்துல கண்ணீர் வழியுதாம். தண்ணிக்குள்ள கண்ணீர் எப்படிப்பா வழியும்?"

"அழுதவனைக் கேக்கணும்," என்றான் கண்ணப்பன், கழியை ஊன்றியபடி. இடது கைக்காரன். இடது காதின் மடல் பாதி இல்லை; எந்த மீன் தின்றதோ.

"அடுத்தது, நாளைக்கு நடக்கறதை இன்னிக்கே காட்டற கடிகாரம். சீமையிலேர்ந்து கப்பல்ல வருது. கையில கிடைச்சவன் முதல்ல இன்னா பார்க்கணும்? தனக்கு எப்ப சாவுன்னு. இவன் அரிசி இன்னா விலை விக்கும்னு பார்க்கறான்! இதை எழுதினவன் நிச்சயம் மண்டிக்காரன்."

"நேத்துக்குத் திரும்பற கடிகாரம் இருக்குதா?"

"அப்படி ஒண்ணும் இன்னும் யாரும் எழுதலை. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அதன் பிறகுதான் முதலியார் மூன்றாவது ஏட்டைப் பிரித்தார். சாயத் தொட்டிக் கொலை. அவுரிச் சாயத் தொட்டியில் ஒரு செட்டி தலைகீழாகக் கிடக்கிறார். அமுக்கிக் கொன்றவன் கை நீலமாகியிருக்கும். ஆனால் அது சாயக்காரத் தெரு, எல்லார் கையும் நீலம். யார் கொன்றது?

கடைசி ஓலையை முன்கூட்டிப் படிப்பதில்லை என்பது முதலியார் பத்து வருஷமாகக் காத்துவரும் விரதம். கூட்டத்தோடு சேர்ந்து தானும் திடுக்கிட வேண்டும் என்பார். அன்றைக்கு விரதம் முறிந்தது. தான் ஊகித்தது சரிதானா என்ற அரிப்பு தாங்காமல் கயிற்றை அவிழ்த்துக் கடைசி ஓலையை உருவினார். வெயிலுக்கு நேராகப் பிடிக்க எழுந்தார். தோணி ஆடியது. ஓலை பறந்தது. கூடவே அவரும் போயிருப்பார். கண்ணப்பன் இடது கையால் அவர் இடுப்பு வேட்டியை எட்டிப் பிடித்து உள்ளே போட்டான். வடிகிற நீர் ஓலையை முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"யாரு கொன்னாங்கன்றது அதுலயா இருந்துச்சு?"

"அதுலதான்."

கண்ணப்பன் கழியை மறுபடி ஊன்றினான். "போனது போவட்டும். குந்துங்க."

வலை காயும் திடலில், பூவரசு நிழலில், பசியாவரமே உட்கார்ந்திருந்தது. முதலியார் வாசிக்க வாசிக்க ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. முடிவு இல்லாத கதையைச் சொல்லிவிட்டு இந்தத் தீவை விட்டு மரியாதையோடு போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். கடைசிக்கு முந்தின ஓலை முடிந்ததும், ஏட்டின் அடியில் இருந்த வெற்று மரச்சட்டத்தைப் பார்த்தே வாசிக்க ஆரம்பித்தார்.

அவசரத்தில் பிறந்தாலும் அந்த முடிவு பிரமாதம் என்றே இன்றைக்கும் நினைக்கிறார். தெருவில் எல்லார் கையும் நீலமாக இருக்க, ஒருவன் கை மட்டும் சுத்தமாக இருந்தது. ஏரி மணலால் தோலுரியத் தேய்த்துக் கழுவிய கை. பஞ்சுப் பொதி ஏற்றிவந்த தோணிக்காரன் கை. அதோடு விட்டிருக்கலாம். கொலைகாரனுக்கு ஒரு முகம் வேண்டுமே என்று பார்த்தார். காலையிலிருந்து எதிரே பார்த்துக்கொண்டு வந்த முகம்தான் வந்தது. "இடது கைக்காரன்," என்று வாசித்தார். "இடது காதில் பாதி மடல் இல்லாதவன்."

திடலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இப்படி ஒரு வரவேற்பு தனக்குக் கிடைத்ததே இல்லை என்று முதலியார் ஒரு கணம் பூரித்துப்போனார்.

முன்வரிசையிலிருந்து பவுனம்மாள் எழுந்தாள். நெற்றியில் பொட்டில்லை. "மொதலியாரே, என் ஊட்டுக்காரர் முனியன் போன கார்த்திகையில அந்தாளு தோணியிலதான் வலைக்குப் போனாரு. திரும்பி வந்தது அந்தாளு மட்டும்."

எல்லாத் தலைகளும் கரைப் பக்கம் திரும்பின. கண்ணப்பன் அங்கே, தன் தோணியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

ஊர்த்தலைவர் தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "காத்து கவுத்துடுச்சின்னான். நம்பறதா வேணாமான்னு நாலு மாசமா முழிச்சிக்கினு இருந்தோம். இப்ப ஏட்டுலயே எழுதி வந்துடுச்சு. பொழுது சாய ஊர் கூடும். இனிமே அவனுக்கு ஏரியில வலை போட முறை கிடையாது. இந்தத் தீவுல அடுப்பும் கிடையாது."

'ஐயா, அது ஏட்டில் இல்லை, என் வாயில் இருந்து வந்தது' என்று சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம். துபாஷிக்காக இதைவிட நீளமான பொய்களையெல்லாம் முதலியார் தங்குதடையில்லாமல் எழுதியிருக்கிறார். வாயைத் திறந்தார். இருநூறு கண்கள் அவரையே பார்த்தன. பத்து வருஷமாக இந்தக் கண்கள் தன்னை நம்பி வந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

"தாகமா இருக்குது," என்றார்.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். பிறகும் சொல்லவில்லை.

"நான் கிளம்பறேன். வேற தோணி எதுனா..."

"கூட்டியாந்த தோணிதான் கொண்டு வுடணும். அது இந்தக் கரை வழக்கம்," என்றார் தெய்வசிகாமணி. "பயப்படாதீங்க. பொண்டாட்டி புள்ளைங்க இங்க இருக்காங்க, திரும்பி வந்துடுவான்."

அவன் திரும்பி வருவதில் முதலியாருக்குச் சந்தேகமே இல்லை. போன தடவையும் அவன் திரும்பித்தான் வந்தான்.

தோணி கரையை விட்டது. கொலைக் கதைகளில் சாகப்போகிறவன் கொலைகாரனோடு தனியாகக் கிளம்புவதைப் படிக்கும்போதெல்லாம், 'இவ்வளவு முட்டாள் உலகத்தில் உண்டா' என்று அவர் சிரித்திருக்கிறார். எழுதியவனுக்கு அனுபவம் போதாது என்று அபிப்பிராயமும் சொல்லியிருக்கிறார். அந்த எழுத்தாளர்கள் அத்தனை பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். முட்டாள் உண்டு. நடுப்பலகையில் இறால் கூடையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். நீச்சல் தெரியாது.

தூரத்தில் கோட்டைக் கொடி கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நகம் பெரிதாகவே இல்லை. இரண்டு பக்கமும் சேறும் நாரைகளும். கத்தினால் நாரைகள்தான் கேட்கும்.

"கண்ணப்பா, கோவமா?"

"எதுக்கு?"

"இல்ல, கதையில..."

"காத்து திரும்புது பாருங்க."

"உன்னை நெனச்சிச் சொல்லலப்பா. வேற யாரோ ஒருத்தன். அவனுக்கு மீசை உண்டு."

"மீசை பத்திச் சொல்லவேயில்லையே."

வாய்க்கால் ஆழமாகும் இடத்தில் கண்ணப்பன் கழியைக் குத்தி நிறுத்தினான். தோணி நின்றது. முதலியார் இறால் கூடையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"இங்கதான்," என்றான் கண்ணப்பன்.

"வேணாம்பா. எனக்கும் பொண்டாட்டி இருக்கா. புள்ளைங்க..."

"இங்கதான் உங்க ஓலை வுழுந்துச்சு."

முதலியார் அவனைப் பார்த்தார். அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஓலை தண்ணீரோடு போனதை இந்த உலகத்தில் பார்த்தவன் இவன் ஒருவன்தான். கடைசி ஓலை இல்லாமலே தான் வாசித்ததை, இவன் கரையில் நின்று முழுவதும் கேட்டிருக்கிறான்.

"நீ சொல்லியிருக்கலாமே! 'அந்த ஓலை ஏரியில கிடக்குது, இந்தாளு பொய் வாசிக்கறாரு'ன்னு ஒரு வார்த்தை. நான் வாய் செத்துப்போய் நின்னேன், ஒத்துக்கறேன். நீ ஏன் பேசல?"

"பேசி?"

"பேசி இன்னாவா? ஊரை வுட்டுத் தொரத்தப் போறாங்கய்யா உன்னை! குழந்தைங்களைக் கூட்டிக்கினு எங்க போவே?"

கழியில் இருந்த கண்ணப்பனின் இடது கை வெளுத்திருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான். முதலியாருக்குப் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. வரும்போது இந்தக் கைதானே தன் வேட்டியைப் பிடித்து இழுத்தது?

"தோணியைத் திருப்பு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம். நானே சொல்றேன். கடைசி ஓலை இல்ல, முடிவு நானா கட்டினது, அத்தனையும் பொய்னு சொல்லிடறேன். இனிமே எனக்கு எந்தத் தீவுலயும் பாய் போட மாட்டாங்க. பரவாயில்ல. திருப்புப்பா."

"பொய்னு சொல்வீங்களா?"

"பொய்தானே?"

கண்ணப்பன் வானத்தைப் பார்த்தான், கோட்டைப் பக்கம் பார்த்தான், தீவுப் பக்கம் பார்த்தான். பார்க்க இன்னொரு பக்கம் மிச்சமில்லை.

"கண்ணப்பா," என்றார் முதலியார். தோணிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "காலையிலேர்ந்து நான் எது கேட்டாலும் நீ வேற எதையோ சொல்றே. இதுக்கு மட்டும் நேரா சொல்லு. முனியனுக்கு இன்னா ஆச்சு?"

"தோணி கவுந்தது காத்துல. அது நெசம்," என்றான் கண்ணப்பன். "அவன் கால்ல வலை சுத்திக்கிச்சு. என் கழுத்தைக் கட்டிப் புடிச்சான். ரெண்டு பேரும் உள்ள போறோம். அவன் கையைப் பிரிச்சுத் தள்ளி வுட்டேன், இந்தக் கையாலதான். மறுபடியும் ஒரு வாட்டி மேல வந்து கையை நீட்டினான். எட்டுற தூரந்தான். நான் புடிக்கல, மொதலியாரே. பயமா இருந்துச்சு."