இரண்டு விரல் உயரம்

1

2019 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் பாதைக்குப் பின்னாலிருக்கும் பழைய இரும்புக் கடையில், கதவில்லாத ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பட்டடை கிடந்தது.

பட்டடை என்பது, கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிப்பதற்கான கனத்த இரும்புக் கட்டை. மேலே மேசைபோலத் தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் கொம்பு நீண்டிருக்கும். நடுவில் இடுப்பு சிறுத்து, கீழே பாதம் அகன்றிருக்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். (அதைப் பத்தியின் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.)

கதையின் பூர்வீகத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் எழுதும் மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வட்ட மரத்துண்டு இருக்கிறது. தாம்பாளத்தின் அகலம், இரண்டு விரல் கனம். மேசை விளக்கு அதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டார் கொடுத்தார்கள். "சார், நீங்க கதை எழுதுறவர்தானே, இதை வெச்சு ஏதாவது பண்ணுங்க. இல்லைன்னா அடுப்புல வெச்சிடுவோம்" என்று அந்த வீட்டு லாரிக்காரன் சொன்னான். அடுப்புக்குப் போகவேண்டிய ஒன்று எனக்கு வந்தது. அந்த நன்றிக்காக இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "உலையில் நெருப்புச் சீறிக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். அன்று அந்த வீட்டில் உலையே இல்லை.

அடுத்தது: "அவளுடைய வலது தோள்—"

அங்கேயே நிறுத்தினேன். தோளிலிருந்து தொடங்கினால் நீங்கள் அவளுக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அது அவளுக்குப் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்று எழுதப் பார்த்தேன். அப்படிச் சொல்லக்கூடியவளாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆகவே ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர்தான். அவள் கொல்லர். கதவு, கிராதி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் அடிப்பாள். அவளுடைய கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். தெருவே அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடும். லாரிக்காரன் அவளுடைய தம்பி. அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு, அக்கா சமையலையே குறை சொல்பவன்.

அவள் வேறொருவருடைய பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தாள். அதன் முதலாளி அவளைவிட ஒரு தலை உயரம். பட்டடையும் அவர் உயரத்துக்குத்தான் நின்றது. அவள் ஒவ்வொரு அடிக்கும் தோளைத் தூக்கித் தூக்கி அடித்தாள். ஒருநாள் தோள் இறங்க மறுத்தது. தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். "ஓய்வு எடுங்க, கரையும். கரைஞ்சதும் மெதுவா ஆரம்பிக்கலாம்." பட்டறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அந்த முதல் படத்தை எடுத்தவர் படக்காரரேதான். படத்தைப் பார்த்த அன்றே அவர் முடிவு செய்துவிட்டார்: இனி அவள் அடித்தால் அவளுக்கென்று நிறுத்திய பட்டடையில்தான் அடிக்க வேண்டும்.

3

"மாமா, இங்க பாருங்க. எருமைத் தலை மாதிரி ஒண்ணு கிடக்கு."

லாரிக்காரன்தான் முதலில் பார்த்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதுவா? வந்ததிலேருந்து அது நகரல. நானும் நகத்தல. எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்."

துரு செதில் செதிலாக உரிந்தது. படக்காரர் குனிந்து தூசியை ஊதினார். மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர். வார்ப்பிரும்பில் செய்த போலிகளைத் தட்டிப் பார்த்து, தகர டப்பாபோலச் சத்தம் கேட்டு, திரும்பி வந்திருக்கிறார். இதைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். மணியடித்ததுபோல நீளமாக ஒலித்தது.

"மாப்ள, வண்டியில பேரிங் குண்டு இருக்கா?"

லாரிக்காரன் நெல்லிக்காய் அளவு இரும்புக் குண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். படக்காரர் அதைப் பட்டடையின் மேல்முகத்தில் போட்டார். விழுந்த குண்டு, எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்ததுபோல, கிட்டத்தட்ட அதே கைக்கே திரும்பி வந்தது.

"உயிர் இருக்கு மாமா!"

"கூவாத. நீ கூவினா விலை ஏறும்."

"நான் காது கேக்காதவன்னு நெனச்சுக்கோங்க" என்றார் கடைக்காரர்.

மூன்று பேருமாகத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒப்பந்தத்தை அதுதான் முறிச்சுது, நான் இல்ல" என்றார்.

4

லாரி நிறுத்தும் கொட்டகையில் வைத்து, அவளுக்குத் தெரியாமல், சரிசெய்தார்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்து, பட்டடையை முக்கி, பேட்டரி சார்ஜரின் கம்பியை மாட்டினார்கள். தண்ணீர் நுரைத்துத் துரு சேறாகக் கழன்றது. பிறகு கம்பி பிரஷ், பிறகு எண்ணெய். மேல்முகம் வெளுத்து வந்தபோது நடுவில் மெல்லிய குழிவு தெரிந்தது.

"மாமா, கிரைண்டர் போட்டு வழவழன்னு ஆக்கிடலாமா?"

"கையை எடு! மேல இருக்கிறது எஃகுத் தோல். அதைத் தேய்ச்சுட்டா அடியில மெத்து இரும்பு. அப்புறம் இதுமேல உக்காந்து சாப்பிடலாம், அடிக்க முடியாது."

"குழி அப்படியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். கோணல் கம்பியை அந்தக் குழிவுல வெச்சுத்தான் நிமித்துவாங்க. யாரோ அடிச்சு அடிச்சு உண்டாக்கினது. நாம எதுக்கு அழிக்கணும்?"*

* இந்த "யாரோ"வைக் கதாபாத்திரமாக்க இரண்டு பக்கம் எழுதினேன். மீசை வைத்தேன், எடுத்தேன். மனைவி கொடுத்தேன். கிழித்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நிறைய அடித்திருக்கிறார். அவருக்கு ஒரு வணக்கம்.

இந்த இடத்தில் இன்னொரு சந்தேகம் வந்தது. படக்காரர் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு குறையாவது கிடைக்குமா என்று அவளிடமே கேட்டேன்.

"குறையா? தான் அளந்தது தப்பா இருக்கும்னு அவருக்குத் தோணவே தோணாது சார். சட்டம் மாட்டினா மூணு தடவை அளப்பார். அப்புறம் சுவர்தான் கோணல்னு சொல்வார்."

அந்தக் குறைதான் கதைக்குள் வருகிறது.

5

நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கினால் முட்டி எங்கே நிற்கிறதோ, அந்த உயரத்தில் பட்டடையின் மேல்முகம் இருக்க வேண்டும். கொல்லர்களின் பொது விதி அது. பட்டடைக்குக் கீழே நிறுத்தும் அடிமரத்தை அதற்கேற்ப அறுப்பார்கள்.

ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் முட்டியை எப்படி அளப்பது? தையல்காரரிடம்கூட அளவு கொடுக்காமல் பழைய சட்டையைக் கொடுத்தனுப்புகிறவள் அவள். வீட்டில் படக்காரர் அளவு நாடாவோடு ஒருமுறை நெருங்கியதற்கு, "என்ன, எனக்குப் பீரோ செய்யப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

வழி தானாக வந்தது. அவள் இரண்டாவது படத்துக்கு வர வேண்டியிருந்தது. படத்தட்டு மேலும் கீழும் ஏறி இறங்கும் இரும்புத் தூண் பக்கத்தில் அவளை நிற்கவைத்தார். "கையைத் தொங்கவிடு. விரலை மடக்கு. அசையாதே." முட்டி நின்ற இடத்துக்கு நேரே தூணில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"இது எதுக்கு?"

"புது முறை."

அவள் வெளியே போனதும் தரையிலிருந்து பிளாஸ்திரிவரை அளந்தார். மூன்று தடவை. மூன்றும் ஒன்றே சொன்னது. மருத்துவமனை வளாகத்தில் விழுந்த மரத்தின் அடித்துண்டை அந்தக் கணக்கில் அறுத்து, பட்டடையை மேலே ஏற்றி, இரும்புப் பட்டை அடித்து, சத்தம் காதைத் துளைக்காமல் இருக்க இடுப்பில் சங்கிலி சுற்றினார்கள்.

6

வீட்டின் பின்னால் ஒரு தகரக் கூரை அறை. அதற்குள் அவளைக் கூட்டிப்போனார்கள். அவள் பட்டடையின் கொம்பைத் தடவினாள். உள்ளங்கையை மேல்முகத்தில் வைத்து, குழிவில் நிறுத்தினாள்.

"எங்க கிடைச்சுது?"

"குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலக்கா. அதான் கெட்டுப்போகாம இருக்கு."

"உன் அளவு" என்றார் படக்காரர். "நூலளவும் பிசகாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் அவர்கள் வாங்கிவைத்திருந்த சிறிய எரிவாயு உலையைப் பற்றவைத்தாள். கம்பி சிவந்தது. அடித்தாள். சில அடிகளுக்குள் தோளுக்குள் யாரோ கம்பி இழுத்ததுபோல இருந்தது.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்குங்க."

(அவள் மனதுக்குள் ஓடியதை அவளே பின்னால் சொன்னாள். நான் ஊகிக்கவில்லை.) பழைய பட்டறையில் வலித்தபோது குற்றம் சொல்லப் பட்டடையின் உயரம் இருந்தது. இங்கே பட்டடை நூலளவும் பிசகாதது. இவ்வளவு அலைந்து, இவ்வளவு அன்பாக, இவ்வளவு துல்லியமாகச் செய்தும் வலிக்கிறது என்றால், பிசகு தோளில்தான். ஆக, தோள் முடிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த இரண்டு முகங்களும் வாடும். தினமும் கொஞ்ச நேரம் உள்ளே போய், வீட்டுக்குக் கேட்கும்படி வெறும் பட்டடையைத் தட்டிவிட்டு வந்தாள். பெயின்ட் கடையில் ஆள் தேடினார்கள். அடுத்த படம் எடுத்த பிறகு, அங்கே வருவதாகச் சொல்லிவிட நினைத்திருந்தாள்.

7

கதைக்குள் நான் நுழைய இது நல்ல இடம். பக்கத்து வீட்டு எழுத்தாளர், கூர்மையான காது. சுத்தியல் சத்தத்தில் இரும்பு நசுங்கும் ஒலி இல்லை, வெறும் தட்டல்தான் என்பதைக் கண்டுகொண்டு, சுவரைத் தாண்டி—

இல்லை. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு, 'அப்பாடா, வேலைக்குத் திரும்பிவிட்டாள், இனி நாம் சொல்லிவைத்த தாழ்ப்பாளும் வந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினேன். என் பின்கதவை அப்போது கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தேன்.

8

மூன்றாவது படம். அதே அறை, அதே தூண். படக்காரர் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார்.

"கையைத் தொங்கவிடு. மூச்சைப் பிடி."

அவள் பிடித்தாள். பொத்தானை அழுத்த வேண்டியவர் அழுத்தவில்லை. கண்ணாடி வழியாக அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்திரி இன்னும் அங்கேயே இருந்தது. அவளுடைய முட்டி அதற்கு இரண்டு விரல் கீழே தொங்கியது.

ஆள் அதே ஆள். தரை அதே தரை. அப்படியானால் என்ன மாறியது? அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இரண்டாவது படத்தின்போது அவளுக்கு வலி இருந்தது. வலியில் தோள் தூக்கி நின்றது. தோளோடு கையும், கையோடு முட்டியும். இப்போது வலி விட்டு, தோள் இறங்கியிருக்கிறது. அவர் மூன்று தடவை அளந்தது அவளுடைய உயரத்தை அல்ல. அவளுடைய வலியின் உயரத்தை. அதே உயரத்தில் பட்டடையை நிறுத்தி, அதே வலிக்குள் அவளை நிற்கவைத்திருக்கிறார்.

"விடட்டுமா? மூச்சு முட்டுது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு யார் முதலில் பேசினார்கள்?

படக்காரர் சொல்வது: "அவதான் சார். மூச்சை விட்டதும், 'ஏங்க, பட்டடை கொஞ்சம் உயரமா இருக்கு, வலிக்குது'ன்னு சொன்னா. எவ்வளவு தைரியம் வேணும் அதுக்கு! அவ சொல்லாம இருந்திருந்தா நான் தூணுதான் கோணல்னு சொல்லியிருப்பேன்."

அவள் சொல்வது: "நானா? நான் வாயே திறக்கல. அவர்தான் கண்ணாடிக்குப் பின்னாலேருந்து ஓடிவந்து, 'தப்பு உன் தோள்ல இல்லம்மா, என் அளவுல'ன்னார். அவர் வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு தோளையும் கொடுக்கலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரிக்காரன் சொல்வது: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினாங்க. அப்புறம் ஒரே நேரத்துல அழுதாங்க. அடுத்த நோயாளி பயந்துட்டார்."

மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். அவர் சொல்லும் கதையில் அவள் துணிச்சல்காரி. அவள் சொல்லும் கதையில் அவர் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர். கதையின் முக்கியமான வசனத்தை ஆளாளுக்கு மற்றவருக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அதைப் பிடுங்கி ஒருவர் கையில் மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இடத்தை விட்டுவைக்கிறேன்.

முதலில் பேசியவர்: ................

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. நாளைக்கு மனம் மாறலாம்.

9

படம் எடுத்தார்கள். சுண்ணாம்பு கரைந்திருந்தது.

அன்று மாலை சங்கிலியைக் கழற்றி, பட்டையைப் பிரித்து, பட்டடையை இறக்கினார்கள். அடிமரத்தின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு விரல் அளவு அறுத்தார்கள். அளந்தது அவள். படக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரன் ரம்பம் போட்டான்.

பெயின்ட் கடைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார். அவள் இப்போது தகரக் கூரை அறையில் வேலை செய்கிறாள். தூணில் பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

என் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. கதவைச் சாத்தினால் கொண்டியில் சரியாக விழுகிறது.