முதல் பிடி அரிசி

"குழாய அந்தத் தெருப் பக்கம் திருப்பாதீங்கண்ணா," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

மாடியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர் கீழே எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம்தான்மா ஊரே கீது. இந்தப் பக்கம் ஏரி."

"ஏரியே கேக்கட்டும்."

அவள் அப்பா இன்னாசிமுத்து விடியற்காலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். பெட்டி கூடத்தில் இருந்தது. நான்கு மணிக்கு அடக்கம். மூன்றாவது தெருவில் இருக்கும் அய்யாக்கண்ணு மாமாவுக்கு மட்டும் செய்தி போகக் கூடாது. அப்பா கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

"நாளைக்கி இருமுடி கட்றான். பதினெட்டாம் வருஷம். மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்லு."

பதினெட்டாம் வருஷம் போகிற சாமி, மலையில் தென்னங்கன்று நடுவார். அய்யாக்கண்ணு கன்றை ஆடியிலேயே வாங்கி, தறிக்குப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தறிக்கு முப்பது வருஷமாகப் பாவு பிணைத்து, பழைய இழையோடு புது இழையை முறுக்கிச் சேர்த்தவர் அப்பா. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அப்பா அய்யாக்கண்ணு வீட்டு விபூதித் தட்டை இழுத்து வைத்துக்கொள்வார். தவக்காலத்தில் அப்பா கவிச்சி தொடமாட்டார். அந்த நாற்பது நாளும் அய்யாக்கண்ணுவும் தொடமாட்டார். கேட்டால், "இவன் எதிர்ல மீன் துன்னா முள்ளு குத்துது," என்பார். கார்த்திகையில் அவர் இருமுடிக்கு முதல் பிடி அரிசி போடுவது அப்பா. இதையெல்லாம் இருவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்று தோன்றியிருக்காது.

"தெரிஞ்சாதான் இன்னா?" என்றாள் அத்தை அந்தோணியம்மாள். "மாலை போட்டவங்க சாவு வீட்டுக்கு வரமாட்டாங்க. தெருமுனையில நின்னு கும்பிட்டுட்டுப் போயினே இருப்பாரு. இதுக்குப் போய் ஒங்கப்பன் ஏன் ஒளிக்கச் சொன்னான்?"

ஃப்ளோரன்ஸுக்கும் அதுதான் புரியவில்லை.

பதினோரு மணிக்கு அய்யாக்கண்ணுவே போன் செய்தார்.

"பாப்பா, எப்டிக்கிறான்?"

"தூங்கறாருங்க சாமி."

"பாட்டு கேக்குது?"

"பக்கத்துல... சர்ச்சு."

"எழுந்ததும் அவன் கையில ஒரு பிடி அரிசி குடுத்து வாங்கி அனுப்பு. மொதல் பிடி அவன்துதான். அவன் வரலன்னு நான் வேற யாரையும் போடச் சொல்ல முடியாது."

"அனுப்பறேங்க," என்றாள். போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவின் விரல்களுக்கிடையில் யாரோ ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு சார்லி வந்தார். பல்சமய நட்புறவுப் பேரவையின் செயலாளர். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு விபூதி, ஒரு தொப்பி, ஒரு சிலுவை என்று மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடுவார். வெள்ளைப் புறா ஒன்றைப் பறக்கவிடுவார். அவர் நன்றியுரை முடிப்பதற்குள் அது வாடகைக்கு விட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இன்னாசிமுத்துவை அந்த மேடைக்கு அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது இன்னாசிமுத்துவின் படம் போட்ட ஃப்ளெக்ஸோடு வந்திருந்தார்: 'மத நல்லிணக்க மாமணி'. மாமணியைவிடச் செயலாளரின் படம் கொஞ்சம் பெரிது.

"ஏற்பாடெல்லாம் ஆச்சும்மா. அய்யாக்கண்ணு சாமிய நேர்லயே போய் அழைச்சிட்டேன்."

ஃப்ளோரன்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லிட்டீங்களா?"

"அரிசி பொடச்சிகினு இருந்தாரு. விஷயத்த சொன்னேன். எழுந்து உள்ள போய்ட்டாரு. வருவாரு பாரு. கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, பெட்டிக்குப் பக்கத்துல நின்னார்னா, அந்த ஒரு ஃபோட்டோ போதும்மா. பேரவை எங்கேயோ போயிடும்."

"அவரு வரமாட்டாரு சார்."

"நான் கூப்ட்டு வராம இருப்பாங்களா?"

இரண்டு மணி. மூன்று மணி. ஃப்ளோரன்ஸ் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போனால்கூடப் போதும் என்றிருந்தது.

மூன்றரைக்குத் தெருமுனையில் வந்தவர் அங்கே நிற்கவில்லை. வெள்ளை வேட்டி. ஒரு மாதத் தாடி. நேராகப் படியேறிப் பெட்டியருகில் போய், அப்பாவின் கட்டைவிரலைத் தொட்டார். சாம்பல் தொட்டுத் தொட்டுக் கருத்த விரல்.

சார்லி போட்டோகிராபரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நின்றுவிட்டார்.

"சாமி... மாலை எங்க?"

"பங்காளி செத்தா மாலைய கழட்டணும்ங்க," என்றார் அய்யாக்கண்ணு. "கோயில்ல வெச்சிட்டு வந்தேன்."

"அப்ப பதினெட்டாம் வருஷம்?"

போட்டோகிராபர் செயலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேமராவை மூடிக்கொண்டார்.

அத்தை ஃப்ளோரன்ஸின் காதருகில் வந்தாள். "அப்ப மாமா இல்லடி. சித்தப்பான்னு கூப்புடு."

ஃப்ளோரன்ஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் படுத்திருப்பது போலிருந்தது.

கல்லறையில் பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்ததும் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். அய்யாக்கண்ணு முறை வந்தபோது மடியை அவிழ்த்து ஒரு பிடி அரிசி எடுத்தார். "நம்ம வழக்கத்துல அரிசி..." என்று சார்லி ஆரம்பித்தார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது சுத்தமாகவே இல்லை.

அய்யாக்கண்ணு ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். "போடலாமா பாப்பா?"

"போடுங்க சித்தப்பா."

அரிசிமேல் மண் விழத் தொடங்கியது. மூன்றாவது மண்வெட்டி வரைக்கும் அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்தது.